நகரத்து வீட்டில் மை ஓவியம்: கேள்விகளும் என் பதில்களும்

சீன, ஜப்பானிய மை ஓவியம் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். சிங்கப்பூரில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் சாப்பாட்டு மேசையில் வைத்துத்தான் பல வருஷமாக வரைகிறேன், சிலருக்குச் சொல்லியும் தருகிறேன். அங்கிருந்துதான் பேசுகிறேன்.

கேள்வி (சிங்கப்பூர், தெம்பனிஸ்): அக்கா, காலையில் எம்ஆர்டி ரயிலில் கூட்டம், ராத்திரி வரை வேலை, ஜன்னலைத் திறந்தால் கட்டுமானச் சத்தம். ஒரு படத்தைப் பார்த்தால் மனசு அடங்கும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான், ஆனால் சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோனால் அடங்காது. முதலில் பையிலிருந்து ஒரு 50 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டை எடுங்கள். பின்பக்கத்தில் கொடிகளுக்கிடையே இரண்டு கிப்பன் குரங்குகள் இருக்கும், சிங்கப்பூர் ஓவியர் சென் வென் ஷி வரைந்தது. 13ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி மூச்சி வரைந்த குரங்குப் படத்தின் நகல் ஒன்றைப் பார்த்து மயங்கி, வீட்டிலேயே கிப்பன்களை வளர்த்து, அவை தாவுவதையும் தொங்குவதையும் பார்த்துப் பார்த்து வரைந்தவர் அவர். அந்த அளவுக்குப் பொறுமையாகப் பார்ப்பதுதான் இந்தக் கலையில் பாதி.

ஒரு சனிக்கிழமை சிட்டி ஹால் நிலையத்தில் இறங்கித் தேசியக் கலைக்கூடத்துக்குப் போங்கள். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பொது அனுமதி இலவசம், அதனால் எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒரே ஒரு மை ஓவியத்தின் முன்னால் இருபது நிமிஷம் நில்லுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது, கை போனைத் தேடும். அப்புறம் தூரிகையில் மை தீர்ந்து கோடு வறண்டுபோன இடம் கண்ணில் படும், ஒன்றுமே வரையாமல் விட்ட வெள்ளை மெல்ல மூடுபனியாகவோ தண்ணீராகவோ மாறும். அவ்வளவுதான், கிளம்பி வந்துவிடுங்கள். மற்றதெல்லாம் அடுத்த முறை.

கேள்வி (சென்னை, அடையாறு): மை பாட்டிலிலேயே கிடைக்கிறதே, எதற்குக் கட்டி மையைக் கல்லில் அரைக்க வேண்டும்?

பதில்: வரைவதற்குப் பாட்டில் மை போதும். மனசுக்குத்தான் அரைப்பது. மைக்கல்லில் ஒரு பக்கம் சமமாக இருக்கும், மறுபக்கம் குழியாக. சமமான பக்கத்தில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மைக்கட்டியை நேராகப் பிடித்து, அழுத்தாமல் வட்டமாகச் சுற்றுங்கள். அவசரப்பட்டு அழுத்தினால் துகள் பெரிதாகிவிடும், மை சொரசொரக்கும். முதலில் சாம்பல் நிறம், பிறகு கறுப்பு, பிறகு எண்ணெய் மினுக்கு. கட்டி போன தடம் உடனே மூடிக்கொள்ளாமல் ஒரு கணம் அப்படியே நின்றால் மை தயார். கற்பூர வாசனை மாதிரி ஒன்று மெல்ல வரும், அது கட்டியில் சேர்க்கும் வாசனைப் பொருள். இந்தப் பத்து நிமிஷத்தை யாராலும் வேகப்படுத்த முடியாது, அலுவலக மெயில் உட்பட. முடிந்ததும் கட்டியைத் துடைத்து வையுங்கள், ஈரத்தோடு விட்டால் வெடிக்கும்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மைக்கட்டியில் மாட்டு எலும்புப் பசை இருக்கிறதாமே?

பதில்: விலங்குப் பசை இருக்கிறது, தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ எடுத்தது. மறைக்க மாட்டேன். கறுப்பு மட்டும் நமக்குத் தெரிந்ததுதான்: விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்துக் கண்மைக்குக் கரி பிடிப்பார்களே, அதே வேலைதான் ஜப்பானில் நாரா ஊரில் பெரிய அளவில் நடக்கிறது. அந்தக் கரியைப் பசையோடு பிசைந்து அச்சில் இடுகிறார்கள், வெயில் காலத்தில் பசை கெட்டுவிடும் என்பதால் குளிர்காலத்தில்தான் மை செய்கிறார்கள். உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் செயற்கைப் பிசின் சேர்த்த பாட்டில் மை வாங்குங்கள், தூரிகையை மட்டும் உடனே கழுவிவிடுங்கள். தூரிகையும் பெரும்பாலும் ஆட்டு முடி, நைலானிலும் கிடைக்கும். மனசு உறுத்திக்கொண்டே வரைவதில் அர்த்தம் இல்லை.

கேள்வி (பெங்களூரு): ஹாலில் ஒரு புத்தர் தலையும் மூங்கில் செடியும் வைத்தால் அமைதி வரும் என்று உள்ளலங்காரம் செய்பவர் சொல்கிறார்.

பதில்: மூங்கில் வையுங்கள். தலை வேண்டாம். கோயில் சிலைகளிலிருந்து வெட்டி எடுத்து விற்ற தலைகள் எத்தனையோ உண்டு, அந்த வடிவம்தான் இன்று அலங்காரப் பொருளாகக் கடைக்கு வருகிறது. இலங்கையிலும் தாய்லாந்திலும் பௌத்தர்கள் பலருக்கு அது வலிக்கும். நம் சாமி தலையை மட்டும் யாராவது டீப்பாயில் வைத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

கேள்வி: சுருள் ஓவியம் ஒன்று வாங்கினேன். எங்கே மாட்டுவது?

பதில்: வெயில் படாத, குளியலறைக்கு அடுத்ததாக இல்லாத சுவரில். ஆனால் வருஷம் முழுக்கத் தொங்கவிடாதீர்கள், நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜப்பானிய வீடுகளில் பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாட்டுவார்கள், மற்றது சுருட்டிப் பெட்டிக்குள் போய்விடும். கண்ணுக்குப் பழகிப்போன படத்தை நாம் பார்ப்பதே இல்லை என்பதால் எனக்கு அந்தப் பழக்கம் ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி (சென்னை, அடையாறு, மறுபடியும்): சரி, நேற்று வரைந்து பார்த்தேன். மூங்கில் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. பத்துத் தாள் வீண்.

பதில்: நல்ல தாளில் ஆரம்பித்திருப்பீர்கள். பழைய செய்தித்தாள் போதும், சீனாவில் எழுத்துக்கலை பழகுபவர்கள் பலரும் அதில் கை பழகுவதுண்டு. தூரிகையை முழுக்கத் தண்ணீரில் நனைத்து ஒற்றி, பாதி வரை வெளிர் மை, நுனியில் மட்டும் கெட்டி மை எடுங்கள். ஒரே இழுப்பில் கறுப்பு, சாம்பல், வெளிர் என்று மூன்று நிறமும் வரும். கணுவில் தூரிகையை அழுத்தி நிறுத்துங்கள், லேசாகத் தூக்கி மேலே போங்கள், மறுபடி அழுத்தி நிறுத்துங்கள். விரலால் அல்ல, தோளிலிருந்து. மை ஓவியத் தாள் மையை உடனே குடித்துவிடும், அழிக்கவோ திருத்தவோ வழியே இல்லை, அதனால் கோணலாகப் போனதை அப்படியே விட்டு அடுத்த தண்டுக்குப் போங்கள். இந்த வாரம் இலை வேண்டாம், தண்டு மட்டும். வரைந்ததைப் படம் எடுத்து அனுப்புங்கள், எந்தக் கணுவில் கை அவசரப்பட்டது என்று பார்த்துச் சொல்கிறேன்.