பிஷெட் போய்விட்டார், இனி யாரை நம்புவது?

கேள்வி: அண்ணா, 2025 பேஸ்போல் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் எங்கள் டொரொண்டோ புளூ ஜேஸ் டொட்ஜர்ஸிடம் 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்ற துக்கமே இன்னும் ஆறவில்லை. அதற்குள் போ பிஷெட் நியூயோர்க் மெட்ஸுக்குப் போய்விட்டார். அந்த ஆட்டத்தில் டொட்ஜர்ஸின் ஓதானி வீசிய பந்தை மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக அடித்தவர் அவர்தானே! என் மகன் பிஷெட்டின் 11ஆம் இலக்கச் சட்டையைக் கழற்றமாட்டேன் என்று நிற்கிறான். அப்பாவோ, "இனி புளூ ஜேஸ் எழும்பாது" என்று சொல்லிவிட்டார். நிர்வாகம் எங்கள் அணியைக் கட்டுகிறதா, கலைக்கிறதா?
- ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: தங்கச்சி, பிஷெட் போனது எனக்கும் வலிக்கிறது. 2016இல் பதினெட்டு வயதுப் பையனாக நாங்கள் தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளை. போன பருவத்தில் அடிப்புச் சராசரி .311 (ஆயிரம் முயற்சிக்கு 311 ஹிட் என்ற கணக்கு), அவரால் வந்த ஓட்டங்கள் 94. முழங்கால் காயத்தோடு உலகத் தொடருக்குத் திரும்பி வந்து விளையாடினார். ஆறு ஆண்டுச் சேவை முடித்த வீரர் ஒப்பந்தம் தீர்ந்ததும் எந்த அணியோடும் பேசலாம் என்பது விதி. மெட்ஸ் மூன்று ஆண்டுக்கு 126 மில்லியன் டொலர் கொடுத்தது, போனார். அவரில் எனக்குக் கோபமில்லை. மகன் அந்தச் சட்டையைத் தாராளமாகப் போடட்டும்.

ஆனால் உங்கள் அப்பாவிடம் 1992 குளிர்காலத்தை ஞாபகப்படுத்துங்கள். இப்போது போனது ஒருவர் என்றால், அப்போது அரை அணியே போனது. அதுவும் உலகத் தொடர்க் கிண்ணத்தை வென்று சில வாரங்களில்! ஆறாவது ஆட்டத்தின் 11ஆவது இன்னிங்ஸில் இரண்டு ஓட்டங்களை அடித்துக் கிண்ணத்தை வாங்கித் தந்த டேவ் வின்ஃபீல்ட் மினசோட்டாவுக்குப் போனார். ஜிம்மி கீ யாங்கீஸுக்கு, டேவிட் கோன் கன்சாஸ் சிற்றிக்கு, கடைசி இன்னிங்ஸில் வந்து வெற்றியைக் காக்கும் பந்துவீச்சாளரான டொம் ஹென்கி டெக்சாஸுக்கு. மூன்றாம் பேஸில் நின்ற கெலி குரூபரை நிர்வாகமே கைமாற்றிவிட்டது.

பொது மேலாளர் பட் கிலிக் அதற்காகப் பதறவில்லை. மில்வோக்கியிலிருந்து போல் மொலிட்டரையும் ஓக்லண்டிலிருந்து டேவ் ஸ்டுவர்ட்டையும் கொண்டுவந்தார். ஹென்கியின் இடத்துக்கு வெளியே ஆள் தேடாமல் அணியிலிருந்த டுவேன் வார்டிடமே பந்தைக் கொடுத்தார். வார்ட் அந்தப் பருவத்தில் 45 ஆட்டங்களை முடித்துக் காத்தார். பருவத்தின் நடுவில் ரிக்கி ஹெண்டர்சனும் வந்து சேர்ந்தார். 1993 அக்டோபர் 23ஆம் திகதி ஜோ கார்ட்டர் அடித்து இரண்டாவது கிண்ணத்தையும் வாங்கித் தந்த அந்த ஹோம் ரன்னை உங்கள் அப்பா மறந்திருக்க மாட்டார். அப்போது பேஸ்களில் நின்ற இருவர் யார் தெரியுமா? ஹெண்டர்சனும் மொலிட்டரும். முந்தைய கிண்ணத்தில் இருவருமே எங்கள் ஆட்கள் இல்லை. தொடரின் சிறந்த வீரர் பரிசும் மொலிட்டருக்குத்தான்.

சரி, அது பழைய கதை என்றால் 2024 முடிந்து வந்த குளிர்காலத்தை எடுங்கள். 2024இல் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். நட்சத்திர அடிப்பாளர் ஹுவான் சோட்டோவுக்காக முயன்றோம், அவர் 765 மில்லியனுக்கு மெட்ஸுக்குப் போனார். ஊரே தலையில் கைவைத்தது. ஐந்து ஆண்டுக்கு 92.5 மில்லியன் கொடுத்து எடுத்த அடிப்பாளர் சன்டண்டர் தோள் காயத்தால் 6 ஹோம் ரன்னோடு நின்றுவிட்டார். அப்படியும் 2025இல் இறுதி வரை எங்களைத் தூக்கிச் சென்றவர்களில் எர்னி கிளெமென்டைப் பாருங்கள். 2023இல் ஓக்லண்ட் வேண்டாம் என்று விட்ட மனிதர், பருவம் முடிந்து வரும் பிளேஓஃப் ஆட்டங்களில் 30 ஹிட் அடித்துச் சாதனை படைத்தார். பந்துவீச்சாளர் ட்ரே யெசாவேஜ் 2025ஆம் ஆண்டைக் கீழ்நிலை லீக்கில் தொடங்கிய பையன். உலகத் தொடரில் ஒரே ஆட்டத்தில் 12 டொட்ஜர்ஸ் வீரர்களை ஸ்ட்ரைக்கவுட் செய்தான், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றினான்! இவர்களுக்காக எந்தக் குளிர்காலத்திலும் தலைப்புச் செய்தி வந்ததில்லை.

ஆகவே கலைக்கிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் நட்சத்திர அடிப்பாளர் விளாடிக்கு (விளாடிமிர் கெரேரோ ஜூனியர்) 14 ஆண்டு, 500 மில்லியன் எழுதிக் கொடுத்த நிர்வாகம் இது. புதிதாக எடுத்த பந்துவீச்சாளர் டிலன் சீஸுக்கு ஏழு ஆண்டு, 210 மில்லியன். 2021 முதல் ஐந்து பருவங்களிலும் 200க்கு மேல் ஸ்ட்ரைக்கவுட் எடுத்தவர் அவர். போன ஆண்டு ஓட்டங்களைக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டார், உண்மைதான். என்றாலும் வரிசை தவறாமல் பந்து வீச வருபவர். அந்தப் பழக்கத்துக்கே நான் பாதிப் பணத்தைக் கொடுப்பேன்.

கவலைப்படத்தான் வேண்டுமென்றால் எனக்கு வேறு இடத்தில் கவலை. பிஷெட் நின்ற ஷோர்ட்ஸ்டொப்பில், அதாவது இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு இடையிலான இடத்தில், இப்போது ஆண்ட்ரேஸ் ஹிமெனெஸ். களத்தடுப்பில் பிஷெட்டைவிடப் பல படி மேல், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போன பருவத்தில் அவர் சராசரி .210. பிஷெட் விட்டுப்போன அந்த ஹிட்டுகள் எங்கிருந்து வரும்? ஜப்பானின் யொமியூரி ஜயன்ட்ஸிலிருந்து வரும் கஸுமா ஒகமோட்டோவிடமிருந்து என்று நிர்வாகம் கணக்குப் போடுகிறது. அங்கே மூன்று முறை ஹோம் ரன்னில் முதலிடம் பிடித்தவர். இங்கே பிட்சர்களின் வேகம் அதிகம், அதற்கு எவ்வளவு சீக்கிரம் பழகுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இன்னொன்று, அடிப்பாளர் ஸ்பிரிங்கருக்கு வயது 36. அவருடைய ஒப்பந்தமும் பந்துவீச்சாளர் கௌஸ்மனின் ஒப்பந்தமும் 2026 பருவத்தோடு முடிகின்றன. அப்பாவின் பயத்தை அடுத்த குளிர்காலத்துக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள், அப்போது நானும் சேர்ந்து பயப்படுவேன். இப்போதைக்கு புளோரிடாவின் டனீடினில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களை மகனோடு பாருங்கள். யார் வென்றார் என்று பார்க்க வேண்டாம். 95 மைலுக்கு மேல் வரும் பந்துக்கு ஒகமோட்டோ பிந்துகிறாரா என்று பாருங்கள், அப்புறம் எனக்கு எழுதுங்கள்.