மாமா, நீங்க 99-லயே நின்னுட்டீங்க!

கேள்வி: எனக்கு வயது 39. திருச்சியில் இன்ஜினீயரிங் படித்தபோது, 2005 ஆகஸ்டில், என் ரூம்மேட் ஹாஸ்டல் நெட்வொர்க்கில் டி.சி.++ என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் வழியாகக் கிடைத்த ஒரு ஜப்பானிய வீடியோவைக் காட்டினான். மார்னிங் முசுமே என்ற பெண்கள் குழுவின் 'லவ் மெஷின்' பாட்டு. அன்று பிடித்த பைத்தியம் இன்றும் விடவில்லை. முதல் சம்பளத்தில் அந்தப் பாட்டின் ஒரிஜினல் சி.டி.யை ஜப்பானிலிருந்து வரவழைத்தேன். 1999 முதல் 2002 வரை அவர்கள் பாடிய எல்லாமே எனக்கு மனப்பாடம். பின்னால் வந்த எதுவும் மனதில் ஒட்டவில்லை. நெட்டில் பழகிய பிரேசில், பிரான்ஸ், பிலிப்பைன்ஸ் ரசிகர்களும் என்னைப் போலத்தான். கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகள் இப்போதைய மார்னிங் முசுமேவின் ரசிகை. போன மாதம் ஒரு புதுப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். "இதெல்லாம் மார்னிங் முசுமேவே இல்லை" என்று சொல்லிவிட்டேன். "மாமா, நீங்க 99-லயே நின்னுட்டீங்க" என்றாள். அன்றிலிருந்து எனக்குப் பாட்டு எதுவும் அனுப்புவதில்லை. அந்த ரூம்மேட் இப்போது கனடாவில் இருக்கிறான், பேசி ஆறு வருஷம் ஆகிறது. கோளாறு என்னிடம்தானா? வெளிநாட்டு ரசிகர்கள் நாங்கள் ஏன் இப்படிப் பழசிலேயே தங்கிவிடுகிறோம்?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: தம்பி, போகிற போக்கில் ஒரு தேதியை எழுதியிருக்கிறீர்கள். 2005 ஆகஸ்ட். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

'லவ் மெஷின்' வெளிவந்தது 1999 செப்டம்பரில். 13 வயதில் குழுவுக்குள் வந்து அந்தப் பாட்டின் முகமாகவே ஆகிப்போன மாகி கோத்தோ, 2002 செப்டம்பரில் விலகினார். நாட்சுமி அபே 2004 ஜனவரியில் போனார். காவோரி ஈதா 2005 ஜனவரியில். கடைசியாக மிஞ்சியிருந்த மாரி யாகுச்சியும் அந்த ஏப்ரலில் வெளியேறிவிட்டார். உங்கள் ஹாஸ்டல் அறையில் அந்த வீடியோ ஓடிய இரவில், திரையில் ஆடிய எட்டுப் பேரில் ஒருவர்கூட மார்னிங் முசுமேவில் இல்லை.

உங்கள் அக்கா மகள் சொன்னதில் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. நீங்கள் 99-ல் இருந்ததே கிடையாதே, அங்கே எப்படி நிற்க முடியும்? நீங்கள் நிற்கிற இடம் 2005, திருச்சி ஹாஸ்டல் அறை. வெளிநாட்டு ரசிகர்களில் நிறைய பேருக்கு இதுதான் நடந்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோதே பந்தி முடிந்து இலை எடுத்தாகிவிட்டது. யாரோ கட்டி வைத்திருந்த பொட்டலம் கையில் கிடைத்தது. அது அவ்வளவு ருசியாக இருந்தது.

பொட்டலத்துக்குள் என்ன வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் சி.டி. விற்பனை உச்சத்தைத் தொட்ட ஆண்டு 1998. ஓரிரு பாட்டு மட்டும் உள்ள 'சிங்கிள்' சி.டி. சுமார் 1000 யென், ஆல்பம் 3000 யென். அந்த விலையைக் கடைக்காரர் இஷ்டத்துக்குக் குறைத்து விற்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பும் இருந்தது. உள்ளூரிலேயே இப்படி விற்கும்போது வெளிநாட்டுக்காரனைத் தேடிப் போக வேண்டிய அவசியம் கம்பெனிகளுக்கு இல்லை. ரசிகர்கள்தான் பாட்டைக் கடத்தினார்கள். டி.வி. நிகழ்ச்சியை ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் மொழிபெயர்ப்பார், மூன்றாமவர் எழுத்தை ஓடவிடுவார். சம்பளமே இல்லாத இந்த வேலையை எந்தப் பாட்டுக்குச் செய்வார்கள்? உயிராக நேசித்த பாட்டுக்குத்தான். அதே வருஷம் வந்து ஒரு வாரத்தில் மறைந்துபோன நூற்றுக்கணக்கான சுமாரான பாட்டுகள் கடல் தாண்டவில்லை. உங்கள் கைக்கு வந்தது நன்றாகச் சலித்த மாவு. இன்று உங்கள் அக்கா மகளுக்குத் தவிடும் உமியும் சேர்ந்தே வருகின்றன, டோக்கியோவில் வெளியாகிற அதே நாளில். இரண்டையும் பக்கத்தில் வைத்து "அந்தக் காலம்தான் தங்கம்" என்றால் தராசு சரியில்லை என்றுதான் அர்த்தம்.

என் கணவரின் வேலைக்காக 2006-ல் ஒன்றரை வருஷம் யோகஹாமாவில் குடியிருந்தோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 'புக் ஆஃப்' கடை, பழைய புத்தகமும் சி.டி.யும் விற்பார்கள். அங்கே மலிவு விலை அலமாரியில், வரியோடு சேர்த்து 105 யென்னுக்கு, 'லவ் மெஷின்' வரிசையாக அடுக்கிக் கிடக்கும். 16 லட்சத்துக்கு மேல் விற்ற சி.டி. என்பதால் வீட்டைக் காலி செய்கிற எல்லோரும் ஒன்று கொண்டுவந்து போட்டிருப்பார்கள். எனக்கு மொழி சொல்லித் தந்த அம்மாள் அதைப் பார்த்ததும், "என் பெண் பள்ளி விழாவில் இதற்குத்தான் ஆடினாள்" என்று சிரித்துவிட்டு அடுத்த அலமாரிக்குப் போய்விட்டார். ஆசையோ அவமதிப்போ அவர் முகத்தில் இல்லை. அவருக்கு அது வந்து, இருந்து, போய்விட்ட ஒன்று. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த அலமாரிதான் கண் முன்னால் வந்தது. நீங்கள் முதல் சம்பளத்தைக் கொடுத்து வரவழைத்ததும் அதே சி.டி.தானே.

அந்த அம்மாளுக்கு இருந்து உங்களுக்கு இல்லாமல் போனது வழியனுப்புதல். ஜப்பானிய ரசிகர்கள் இந்தக் குழு பிறந்ததையே டி.வி.யில் வாரா வாரம் பார்த்தவர்கள். 1997-ல் 'அசாயான்' நிகழ்ச்சியில் ஒரு பாடகியைத் தேர்ந்தெடுக்கப் போட்டி வைத்தார்கள். அதில் தோற்றவர்களில் ஐந்து பேரைப் பிடித்து, ஐந்து நாளில் 50,000 சி.டி. விற்றுக் காட்டினால் வாய்ப்பு உண்டு என்றார்கள். விற்றுக் காட்டினார்கள். அந்த ஐவரில் ஒருவரான அசுகா ஃபுகுதா 1999 ஏப்ரலிலேயே, 14 வயதில், விலகினார். இப்படி விலகுவதற்கு அங்கே பெயர் 'சோட்சுக்யோ'. பள்ளிப் படிப்பை முடித்து வெளியே போவதற்குச் சொல்கிற அதே சொல். கடைசிக் கச்சேரி நடக்கும். போகிறவருக்கென்று குழுவில் ஒதுக்கிய நிறத்தில் அரங்கம் முழுக்க விளக்கைப் பிடித்து, அழுது அனுப்பி வைப்பார்கள். சாயுமி மிச்சிஷிகே 12 வருஷம் இருந்துவிட்டு 2014 நவம்பரில் யோகஹாமா அரீனாவில் விடைபெற்றது அப்படித்தான். அழுதுவிட்டு வீட்டுக்கு வருகிறவருக்கு அடுத்த நாள் புதுப் பிள்ளைகளைப் பார்க்க மனம் கொஞ்சம் இடம் கொடுக்கிறது. நமக்கு வீட்டில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் சடங்குகள் எதற்கு இருக்கின்றனவோ, அதற்குத்தான் அதுவும்.

உங்களுக்கு யார் எப்போது போனார்கள் என்பதெல்லாம் ஒரே நாளில் பட்டியலாகத் தெரிந்தது. 1999 வீடியோவையும் 2004 வீடியோவையும் ஒரே ராத்திரி பார்த்திருப்பீர்கள். அழ நேரமே வரவில்லை. வழியனுப்பாதவர்கள் வீட்டை விட்டுப் போவதும் இல்லை.

வயதுக்கும் இதில் பங்கு உண்டு, அதைப் பெரிதாக்க விரும்பவில்லை. மனிதர்களுக்கு எந்த வயதில் கேட்ட பாட்டு மிகவும் பிடிக்கிறது என்று அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் பார்த்து 1989-ல் எழுதினார்கள். ஏறக்குறைய 24 வயதில் வெளியான பாட்டு என்று விடை வந்தது. ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால் ஜப்பானியப் பாடகி மிகி மட்சுபாராவின் கதையை விளக்க முடியாது. அவர் 1979-ல் பாடிய 'மயோனகா நோ டோர்', அவர் மறைந்து 16 வருஷம் கழித்து, 2020 டிசம்பரில் ஸ்பாட்டிஃபையின் உலக வைரல் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. கொஞ்சம் முன்னால் இந்தோனேசியப் பாடகி ரைனிச் அதைப் பாடி யூட்யூபில் போட்டிருந்தார். அந்தப் பாட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அது வந்தபோது பிறக்காதவர்கள். உங்கள் அக்கா மகளின் ஃபோனிலும் அது இருக்கலாம். பழசை நேசிப்பது உங்கள் தலைமுறையின் நோய் ஒன்றும் இல்லை.

நம்முடைய ஒரு படமும் இதற்குச் சாட்சி. 1995-ல் வந்த 'முத்து' ஜப்பானுக்கு 1998-ல்தான் போனது. டோக்கியோவில் ஷிபுயா பகுதியின் சினிமா ரைஸ் திரையரங்கில் 20 வாரங்களுக்கு மேல் ஓடியது. 2018-ல் புதுப் பிரதியாக அங்கே மறுபடியும் திரையிட்டார்கள். இருபது வருஷமாக 'முத்து'வை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஜப்பானிய ரசிகைகள் சென்னை வரை வந்து ரஜினியைத் தேடியிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து "நீங்கள் 98-லேயே நின்றுவிட்டீர்கள்" என்று நம்மில் யாரும் சொல்ல மாட்டோம், நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். தூரத்திலிருந்து நேசிக்கிறவருக்குக் கதவு எங்கே திறந்ததோ அங்கேதான் வீடு.

ஆக, உங்களிடம் கோளாறு இல்லை. புதுப் பாட்டு ஒட்டவில்லை என்றால் ஒட்டவில்லை, காதைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.

"இதெல்லாம் மார்னிங் முசுமேவே இல்லை" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னது மட்டும் தவறு. அவள் மனம் நொந்தது ஒரு பக்கம். சொன்ன விஷயமே உண்மையில்லை என்பது இன்னொரு பக்கம். ஆள் மாறுவதுதான் அந்தக் குழுவின் உயிர். நீங்கள் பூஜிக்கிற எட்டுப் பேரே மூன்று தவணையாக வந்து சேர்ந்தவர்கள். மாகி கோத்தோ நுழைந்த நாளில், "இது எங்கள் மார்னிங் முசுமே இல்லை" என்று பழைய ரசிகர்கள் முகத்தைத் திருப்பியிருந்தால் உங்கள் 'லவ் மெஷின்' ஏது? 2014-லிருந்து அவர்கள் பெயரோடு அந்தந்த ஆண்டின் எண்ணையும் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பாட்டு வந்தபோது பிறந்தே இருக்காத பெண்கள் இன்று மேடையில் அதைப் பாடுகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். உங்களுக்கு மனப்பாடமான பாட்டுகளை எழுதி இசையமைத்த சுன்குவுக்குக் குரல்வளையில் புற்றுநோய் வந்தது. 2015 ஏப்ரலில், தான் படித்த கிங்கி பல்கலைக்கழகத்தில் புது மாணவர்களை வரவேற்கும் விழாவுக்கு வந்த அவர், குரலை இழந்துவிட்டதை மேடைக்குப் பின்னால் இருந்த திரையில் எழுத்துகளாக ஓடவிட்டுச் சொன்னார். பாடகராக வாழ்க்கையைத் தொடங்கிய மனிதர். அதற்குப் பிறகும் இந்தக் குழுவுக்கு அவர் பாட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார். உங்களை ஹாஸ்டலில் தூங்கவிடாமல் செய்த அதே ஆளின் பாட்டைத்தான் உங்கள் அக்கா மகளும் கேட்கிறாள். அவள் உங்களிடம் கொண்டுவந்து நீட்டியது அந்தக் கையிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அவளிடம் மன்னிப்புக் கேளுங்கள். மெசேஜில் வேண்டாம், பேசுங்கள். "நான் சொன்னது தப்பும்மா, அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடு" என்றால் போதும். அவள் போடும்போது பழைய பாட்டோடு ஒப்பிடாமல் கேளுங்கள். அந்தக் குழுவில் அவளுக்கு யாரைப் பிடிக்கும், ஏன் பிடிக்கும் என்று கேளுங்கள். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் ஒருநாள் விடைபெறுவார். அன்றைக்கு உங்கள் அக்கா மகள் அழும்போது, அது என்ன அழுகை என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நீங்களாக இருப்பீர்கள்.

உங்கள் கடிதத்தில் கடைசிக்கு முன்னால் ஒரு வரி வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமே இல்லாமல். ரூம்மேட் கனடாவில் இருக்கிறான், பேசி ஆறு வருஷம் ஆகிறது என்று. அதை ஏன் எழுதினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வீடியோவை உங்களுக்குக் காட்டியவன் அவன். 1999 முதல் 2002 வரையிலான பாட்டுகளை நீங்கள் ஒவ்வொரு முறை போடும்போதும் அந்த அறை, மெதுவாக ஏறுகிற டவுன்லோட் கோடு, பக்கத்துக் கட்டிலில் அவன் எல்லாம் கூடவே திரும்பி வருகின்றன. புதுப் பாட்டில் அவன் இல்லை. அது ஒட்டாமல் போனதற்கு நீங்கள் இதுவரை பார்க்காத காரணம் இதுவாக இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கால் பண்ணுங்கள். நம் மாலையில் அங்கே காலை, விழித்திருப்பான்.

அக்கா மகள் அடுத்த விடுமுறைக்கு வரும்போது அந்த சி.டி.யைப் பீரோவிலிருந்து எடுத்து வையுங்கள். அதை வரவழைத்த கதையை அவளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சொல்லிவிட்டு, அட்டையில் இருக்கிற எட்டுப் பேரின் பெயரை அவளையே சொல்லச் சொல்லுங்கள்.