8 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரும் 84 டெசிபல் ஸ்பீக்கரும்

8 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) ஆம்ப்ளிஃபயரில் சத்தத்தைக் கூட்டியதும் ஒலி பிசிறினால், அது ஆம்ப்ளிஃபயரின் பழுதாக இருக்க வாய்ப்புக் குறைவு. 84 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர் 8 வாட்டுக்குப் பொருந்தாததே பெரும்பாலும் காரணம். ஒரு மீட்டர் தொலைவில் ஒரு வாட்டுக்கு 84 டெசிபல் தரும் ஸ்பீக்கர் பெட்டி, 8 வாட்டையும் விழுங்கிய பிறகும் 93 டெசிபலைத்தான் எட்டும். 94 டெசிபல் பெட்டியோ அதே அளவை ஒரு வாட்டுக்கும் குறைவாகவே எட்டிவிடும்.

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, ஸ்பீக்கர் கம்பியை அதன் 8 ஓம் முனையிலிருந்து 4 ஓம் முனைக்கு மாற்றிக் கேளுங்கள். பேஸ் இறுகினால், ஸ்பீக்கரின் மின்மறுப்பு (மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஓமில்) சில அதிர்வெண்களில் வெகுவாகத் தாழ்வதாகக் கொள்ளலாம்.

புதிய பெட்டி வாங்குவதானால், 2.83 வோல்ட்டில் (8 ஓமில் இது ஒரு வாட்) அளந்த உணர்திறன் எண்ணை 4 ஓம் ஸ்பீக்கருக்கு அப்படியே நம்பாதீர்கள். அங்கே செல்வது 2 வாட் என்பதால் 3 டெசிபல் கழிக்க வேண்டும். ஸ்பீக்கரை இணைக்காமல் மட்டும் ஆம்ப்ளிஃபயரை இயக்கவே கூடாது. வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகிவிடக்கூடும்.