பத்தாயிரத்துக்குள் பழைய ரேஞ்ச்ஃபைண்டர்: புனலூர் யாஷிகாவை வாங்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். நான் ஆரியங்காவில் இருக்கிறேன், அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். மூன்று வருடமாக மொபைலில் படம் எடுத்து வருகிறேன். இப்போது ஃபிலிமில் எடுக்க ஆசை, அதுவும் இரட்டை உருவத்தை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்கிற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில். கையில் பத்தாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. மூன்று கேமரா கண்ணில் பட்டிருக்கின்றன. புனலூரில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டில் யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என், தோல் உறையோடு 5,500 ரூபாய். ஆன்லைனில் கேனன் கேனோனெட் கியூஎல்17 ஜி3 ஒன்று 11,000. ரஷ்ய ஜோர்கி 4 ஒன்று 7,000. கடைக்குள்ளே எடுக்க வேண்டும், கழுதுருட்டி பதிமூன்று கண் பாலத்தில் ரயில் போகும்போதும் எடுக்க வேண்டும். எதை வாங்கட்டும்?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பத்தாயிரத்தைப் பிரித்துவிடுவோம். ஒரு கலர் ரோல் வாங்கி, கூரியரில் அனுப்பிக் கழுவி, ஸ்கேன் செய்து வாங்க இன்றைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரு ரோலுக்கு 36 படம். அதாவது ஒவ்வொரு தடவை பொத்தானை அமுக்கும்போதும் கிட்டத்தட்ட முப்பது ரூபாய் போகும். பணம் முழுவதையும் கேமராவில் போட்டுவிட்டு ரோலுக்குக் காத்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கேமராவுக்கு ஆறாயிரம், பழுது பார்க்க ஆயிரத்து ஐந்நூறு, மீதி ஃபிலிமுக்கு. இதற்கு மேல் போகாதீர்கள்.

இந்தக் கணக்கில் கேனோனெட் தானாகவே விழுந்துவிடுகிறது. வருத்தம்தான். 1972இல் வந்த அந்த மாடல் கைக்கு அடக்கமானது, 40 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் (இந்த எஃப் எண் சிறியதானால் வெளிச்சம் அதிகம் உள்ளே வரும்); செல் (பேட்டரி) இல்லாவிட்டாலும் ஷட்டர் வேகத்தையும், அப்பர்ச்சர் என்கிற லென்ஸ் துவார அளவையும் நாமே வைத்து எடுக்கலாம். ஆனால் ஆன்லைனில் ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று எழுதினால், பல நேரம் பொத்தானை அமுக்கினால் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது என்பதுதான் அர்த்தம். கையில் எடுத்துப் பார்க்க முடியாத 11,000 ரூபாய்க் கேமராவைவிட, பஸ் ஏறிப் போய்ப் பார்க்கக்கூடிய 5,500 ரூபாய்க் கேமரா உங்களுக்கு நல்லது.

ஜோர்கி பற்றியும் இரண்டு வரி. 1956 முதல் 1973 வரை சோவியத் நாட்டில் செய்தது. வெளிச்சம் அளக்கும் மீட்டர் கிடையாது, செல் கிடையாது, லென்ஸைக் கழற்றி மாற்றலாம். எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் கேமராவாக வேண்டாம். ஷட்டர் திரை துணியால் ஆனது. அதில் ஊசித்துளை விழுந்திருந்தால் ஒவ்வொரு படத்திலும் வெள்ளைப் பொட்டு வரும். ஃபிலிமை நகர்த்துவதற்கு முன் வேகச் சக்கரத்தைத் திருப்பினால் உள்ளே பழுதாகிவிடும் அபாயமும் உண்டு. இன்னொன்று, ‘உலகப் போர் கால லைகா’ என்று தங்கநிறப் பட்டையோடு மலிவாக ஏதாவது கண்ணில் பட்டால் ஒதுங்கிவிடுங்கள். பெரும்பாலும் அது இதே ஜோர்கிக்கோ அதன் உறவுக்கார ஃபெட் கேமராவுக்கோ வேஷம் கட்டியதுதான்.

ஆக, புனலூர் யாஷிகா. நம் பக்கத்தில் இந்த மாடல் கிடைப்பதில் ஆச்சரியமே இல்லை. வளைகுடா போய் வந்தவர்கள் டேப் ரெக்கார்டரோடு கொண்டுவந்த கேமராக்களில் யாஷிகா நிறைய. எலக்ட்ரோ வரிசை 1966இல் தொடங்கியது. ஜிஎஸ்என் 1973இல் வந்தது. 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ். அப்பர்ச்சரை நீங்கள் வைத்தால் வேகத்தை அது பார்த்துக்கொள்ளும். லென்ஸைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. அந்த வீட்டு அலமாரியைப் பற்றித்தான் கவலை.

புனலூர் மழை உங்களுக்குத் தெரியும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதியும் ஐப்பசியில் வரும் துலா மழையும் இரண்டும் பெய்கிற ஊர். தோல் உறைக்குள், மர அலமாரியில், ஐந்தாறு மழைக்காலம் திறக்காமல் கிடந்த கேமராவில் பூஞ்சை இல்லாவிட்டால்தான் அதிசயம். ஸ்டுடியோக்காரர்கள் ஃபங்கஸ் என்பார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதனால் உறையோடு கிடைக்கிறது என்பதை நான் கூடுதல் லாபமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நானே செங்கோட்டையில் ஒரு நல்ல கேமராவை, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று உறையில் போட்டு இரண்டு சாரலுக்கு எடுக்காமல் வைத்தேன். மூன்றாம் வருடம் பார்த்தால் லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி ஒரு கொடி. பிரித்துத் துடைத்தும் அதன் தடம் போகவில்லை, கண்ணாடியையே அரித்திருந்தது.

பார்க்கும் விதம் இது. கையோடு ஒரு டார்ச் கொண்டுபோங்கள். மொபைல் டார்ச்சே போதும். கேமராவின் பின்மூடியைத் திறந்து, ஷட்டர் வளையத்தை ‘பி’யில் (அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை) வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து வெளிச்சம் அடித்து முன்னாலிருந்து சாய்வாகப் பாருங்கள். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து வைக்க வேண்டும். தூசிப் பொட்டு நாலைந்து இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. ஓரத்தில் மெல்லிய கொடி ஒன்றிரண்டு இருந்தால் விலையைக் குறைத்து வாங்கலாம். நடுவில் வலை பின்னியிருந்தாலோ, கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல மங்கியிருந்தாலோ எழுந்து வந்துவிடுங்கள். அந்த மங்கல்தான் ஏமாற்றும். சாதாரண வெளிச்சத்தில் தெரியாது. ரயிலுக்குப் பின்னால் வானம் வரும் படத்தில் எல்லாமே வெளுத்துப் போகும்.

இந்தச் சோதனைக்கெல்லாம் கேமராவுக்குள் செல் இருக்க வேண்டும். விற்பவரிடம் இருக்காது, ஏனென்றால் இதற்கென்று வந்த 5.6 வோல்ட் பாதரச செல் இப்போது கிடையாது. வாட்ச் கடையில் எல்ஆர்44 பொத்தான் செல் நான்கு வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தாளில் சுருட்டிக்கொள்ளுங்கள். 6 வோல்ட் வரும். யாஷிகா அதைத் தாங்கிக்கொள்ளும். மிஞ்சுகிற இடைவெளிக்கு ஒரு சின்ன ஸ்பிரிங், அல்லது சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளைக் கசக்கி வைத்தாலும் சரி. பிளஸ், மைனஸ் பார்த்துப் போடுங்கள். போடும்முன் செல் அறையைப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் பழைய செல் கசிந்திருக்கிறது. கொஞ்சமாக இருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். உள்ளே ஒயர் வரை போயிருந்தால் வேலை அதிகம்.

செல் போட்டதும் பின்பக்கச் சோதனைப் பொத்தானை அமுக்கினால், படம் எண்ணும் சின்ன ஜன்னலில் பச்சை விளக்கு எரிய வேண்டும். பிறகு வளையத்தை ஆட்டோவில் வைத்து, அப்பர்ச்சர் 1.7இல் வாசலைப் பார்த்துப் பொத்தானைப் பாதி அமுக்குங்கள். பகல் வெளிச்சத்தில் சிவப்பு எரியும், வெளிச்சம் அதிகம் என்று. 16க்கு மாற்றி அலமாரி இருட்டைப் பாருங்கள், மஞ்சள் எரியும். அதே இருட்டில் முழுவதும் அமுக்கி, விரலை எடுக்காமல் பிடியுங்கள். ஷட்டர் திறந்து, சற்று நேரம் கழித்து மூட வேண்டும். வெளிச்சத்திலும் இருட்டிலும் ஒரே மாதிரி ‘டிக்’ என்றால் உள்ளே மின்சாரப் பகுதி செத்துவிட்டது. அந்தக் கேமரா எப்போதும் 1/500 நொடியில் மட்டும்தான் எடுக்கும். செல் இல்லாத எலக்ட்ரோவும் இப்படித்தான்.

இந்த மாடலுக்கே உரிய ஒரு நோயும் உண்டு. உள்ளே ஒரு சின்ன ரப்பர் துண்டு இருக்கிறது, வயதானால் பொடிந்துவிடும். அது போனால் வேகக் கணக்கு தப்பிப் படங்கள் வெளுக்கும். கண்டுபிடிக்கக் காது போதும். ஃபிலிம் நகர்த்தும் நெம்புகோலை மெதுவாக முழுவதும் இழுக்கும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த ரப்பர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்தால் சரியாகும், ஆனால் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். ஒதுக்கிவைத்த ஆயிரத்து ஐந்நூறு அதற்குத்தான்.

அப்புறம் ரேஞ்ச்ஃபைண்டர். இதற்குத்தானே இவ்வளவு பாடு. முன்னால் இரண்டு ஜன்னல் இருக்கும். ஒன்றின் வழியே நேராகப் பார்க்கிறோம். மற்றொன்றின் காட்சி ஒரு பாதிக் கண்ணாடியில் பட்டு நடுவில் ஒரு சிறு கட்டமாக மேலே விழும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரட்டை உருவம் நெருங்கி ஒன்றாகும்; ஒன்றானால் ஃபோகஸ். புனலூரில் மாடிக்கு ஏறி, கிழக்கே தெரிகிற மலை விளிம்பைப் பாருங்கள். லென்ஸைப் படுத்துக் கிடக்கும் எட்டு போன்ற குறி வரை திருப்பினால் விளிம்பு ஒரே கோடாக வேண்டும். அடுத்து கதவுச் சட்டத்திலிருந்து டேப்பால் சரியாக ஒரு மீட்டர் அளந்து நின்று, கட்டத்தில் ஒன்றாக்கி, லென்ஸில் எண்ணைப் பாருங்கள். இடவலமாக விலகினால் ஃபோகஸ் தப்பும். மேல்கீழாக விலகினால் கண்ணுக்கு எரிச்சல், அவ்வளவுதான். கட்டம் மங்கலாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், வயதான கண்ணாடி அப்படித்தான். வ்யூஃபைண்டரின் முன்கண்ணாடி நடுவில் மிளகு அளவு கறுப்பு டேப் ஒட்டினால் கட்டம் பளிச்சென்று வரும்.

பின்மூடியின் பள்ளங்களில் கறுப்புப் பஞ்சு தார் மாதிரி ஒட்டினால், அது உளுத்துப்போன ஒளித்தடுப்பு. எல்லாப் பழைய கேமராவிலும் இருக்கும். சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்பு உல்லன் நூலைப் பதித்துவிடலாம். இதைச் சொல்லி ஐந்நூறு குறைக்கலாம், ஆனால் இதற்காக வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

யாஷிகா தேறாமல் போய், வேறெங்காவது மலிவாகக் கேனோனெட்டோ ஒலிம்பஸ் 35 ஆர்சியோ கிடைத்தால் யோசிக்காமல் பாருங்கள். ஒலிம்பஸ் லென்ஸ் எஃப் 2.8தான், டீக்கடைக்குள் கொஞ்சம் இருட்டும். ஆனால் சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரிது, அவ்வளவு சின்னது. இவை இரண்டுக்கும் வந்தது 1.35 வோல்ட் பாதரச செல். அதற்குப் பதில் சாதாரண 1.5 வோல்ட் செல் போட்டால் மீட்டர் வெளிச்சத்தைக் கூடுதலாகக் காட்டி, நெகட்டிவ் மெலிந்து படம் இருண்டுவிடும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 செல் 1.4 வோல்ட், கிட்டத்தட்ட சரியாக இருக்கும். அளவு சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். இந்த வகையில் ஷட்டர் இதழ்களில் எண்ணெய் படிந்து ஒட்டிக்கொள்வதும் வழக்கம். குறைந்த வேகத்தில் பத்துத் தடவை அமுக்கிப் பாருங்கள், ஒரு தடவை திணறினாலும் காசு கொடுக்காதீர்கள்.

படம் எடுப்பது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கடைக்குள் 400 வேக (ஐஎஸ்ஓ 400) ஃபிலிம், அப்பர்ச்சர் 2 அல்லது 2.8. மஞ்சள் எரிந்தால் வேகம் 1/30க்குக் கீழே போகிறது என்று பொருள். முழங்கையைப் பெஞ்சில் ஊன்றுங்கள். இதழ் ஷட்டர் என்பதால் சத்தம் அதிகம் வராது, அப்பா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்க்க மாட்டார். பாலத்துக்கு ரேஞ்ச்ஃபைண்டரே தேவையில்லை. ரோட்டோரத்திலிருந்து எடுத்தால் லென்ஸைக் கடைசிவரை திருப்பிவிட்டு ரயிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். மேகம் கவிந்த நாளில் அதே 400 ஃபிலிமுக்கு 5.6 வைத்தால் 1/500 பக்கம் வேகம் கிடைக்கும், பெட்டிகள் கலங்காது. 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. 2010இல் மீட்டர் கேஜை நிறுத்தி, 2018இல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. அந்த எட்டு வருடமும் படம் எடுக்கப் போனவர்களுக்கு வெறும் தூண்கள்தான் கிடைத்தன. உங்களுக்கு நேரம் நன்றாக இருக்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எலக்ட்ரோவின் மீட்டர் கண் லென்ஸில் இல்லை, கேமரா உடம்பில் இருக்கிறது. நாம் பார்ப்பதும் லென்ஸ் வழியாக அல்ல. அதனால் லென்ஸ் மூடியை எடுக்க மறந்தாலும் கேமரா ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஊர் சாஸ்தா கோயில் திருக்கல்யாணத்துக்கு வந்திருந்தபோது பன்னிரண்டு படம் அப்படி எடுத்தேன். மாப்பிள்ளை அழைப்பு முழுவதும் இருட்டு. அன்றிலிருந்து மூடியை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன்.

விலை பேசும்போது நாலாயிரத்தில் தொடங்குங்கள். சோதனையெல்லாம் தேறினால் ஐயாயிரம் வரை கொடுக்கலாம். தோல் உறையைச் சேர்த்துத்தான் தருவேன் என்று அவர் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைத் தனியாக எங்காவது மாட்டிவிட்டு, கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பொட்டலம் நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடலாம். அரிசிக்குள் மட்டும் புதைக்காதீர்கள், மாவுத்தூசி லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும்.