சிறிய ஊரில் புதிய அருங்காட்சியகம் அமைப்பதானால் முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்? தொடுதிரைகள் வைத்தால் இளைஞர்கள் வருவார்களா?

தொடுதிரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஏதேனும் ஓர் அறக்கட்டளையின் சார்பில் கட்டடத்துக்கு வரைபடம் போடும் கட்டத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால் வரைபடத்தைச் சற்று நிறுத்தி வையுங்கள். யார் வரப்போகிறார்கள், இப்போது வராமல் இருப்பவர்களைத் தடுப்பது எது என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நான் காட்சிக்கூட அமைப்பு வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன். வடமாவட்டம் ஒன்றில் நடுகற்களும் (இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள்) ஓலைச்சுவடிகளும் கொண்ட சிறிய அருங்காட்சியகம் ஒன்றைத் திருத்தி அமைத்த குழுவில் இருந்தேன். அங்கே கற்களின் முகத்தில் குழல்விளக்கின் வெளிச்சம் நேராக விழுந்ததால், பார்ப்பவருக்கு அவை வெறும் பாறைத் துண்டுகளாகவே தெரிந்தன. ஒரு விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஒளி கல்லின் முகத்தை உரசிச் செல்லும்படி திருப்பியதும் வீரனின் கையிலிருந்த வாளும், இடுப்பில் செருகிய குறுவாளும், தலைக்கு மேல் ஓடிய, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து வரிகளும் நிழலோடு எழுந்து வந்தன. கல்லுக்கு இத்தகைய ஒளியால் கேடில்லை. ஆனால் ஓலைச்சுவடி, துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸுக்கு (ஒளியை அளக்கும் அலகு) மேல் ஒளி போகக்கூடாது என்பது உலகெங்கும் பின்பற்றப்படும் வரம்பு. எனவே எல்லாக் கூடத்துக்கும் ஒரே மாதிரி விளக்கு என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதினாலே பாதி வேலை கெட்டுவிடும்.

அந்தக் குழுவில் என்னை மிகவும் வருத்தியது இருக்கை பற்றிய பேச்சுதான். முதுகு சாயும் இருக்கைகளைக் கூடத்துக்குள்ளேயே போட வேண்டும் என்று கேட்டபோது, "உட்கார இடம் கொடுத்தால் படுத்துத் தூங்குவார்கள்" என்று பொறுப்பிலிருந்தவர் சொன்னார். பேருந்து மாறி, வெயிலில் நடந்து வரும் ஒரு மூதாட்டி எவ்வளவு நேரம் நின்றுகொண்டே பார்ப்பார் என்று நாங்கள் விடாமல் கேட்டோம். கடைசியில் இருக்கைகள் வந்தன. பிறகு நடந்ததை நான் பெருமையோடுதான் சொல்கிறேன். பெரியவர்கள் நடுகற்களுக்கு எதிரே உட்கார்ந்து பேரப்பிள்ளைகளிடம், "நம்ம ஊரு எல்லையிலயும் இதுமாதிரி ஒண்ணு இருக்கு, பொங்கலுக்குப் படையல் போடுறமே, அதுதான்" என்று பேசத் தொடங்கினார்கள். அவர்கள் சொன்ன இடங்களைக் காப்பாட்சியர் குறித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அவற்றில் அவரிடமிருந்த பட்டியலில் இல்லாத கல்லும் இருந்தது.

இருக்கைக்கும் வடிவமைப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. கட்டடக்கலை நான் படித்த துறை அன்று என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 2022இல் பிராகா நகரில் உலக அருங்காட்சியகப் பேரவை ஏற்ற புதிய வரையறையே, அருங்காட்சியகம் அனைவரும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கட்டி முடித்த பின் அதற்கு இடம் தேடினால் கிடைக்காது. கழிப்பறை, குடிநீர், குழந்தையின் கண்மட்டத்துக்கு எட்டும் காட்சிப் பேழை, விளக்கப் பலகையின் எழுத்தளவு ஆகியவையும் அப்படித்தான்.

அடுத்தது பொருள்களை அடுக்கும் முறை. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகம் தொல்லியல், மானிடவியல், விலங்கியல், நாணயவியல் எனக் கல்வித் துறைகளின்படி வளர்ந்தது. அந்தக் காலத்துக்கு அது சரியான வழியே. 2023 மார்ச்சில் செட்டிநாட்டுக் கட்டட பாணியில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகமோ வேளாண்மையும் நீர் மேலாண்மையும், ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம் என வாழ்க்கையின் பக்கத்திலிருந்து கூடங்களைப் பிரித்திருக்கிறது. தொல்லியல் படிக்காதவரும் தமக்குத் தெரிந்த இடத்திலிருந்து நுழைய முடிகிறது. உங்கள் ஊருக்கும் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

சேமிப்பறையை மறந்துவிடாதீர்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2021இல் போய்மன்ஸ் அருங்காட்சியகம் தன் சேமிப்புக் கிடங்கையே பொதுமக்கள் பார்க்கத் திறந்தது. அந்த அளவுக்கு நம்மால் முடியாமல் போகலாம். ஆனால் பொருள்களை மாடிப்படிக்கு அடியில் சாக்கில் கட்டிப் போடாமல் இருக்க முடியும். பல ஊர்களில் திறப்பு விழா மேடைக்குக் கிடைக்கும் பணம், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை மாற்றக் கிடைப்பதில்லை. பேழைக்குள் ஈரம் ஏறினால், குளோரைடு படிந்த வெண்கலத்தில் பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கும். இதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியும், பராமரிப்புக்கென்று தனியாக ஒரு வரி நிதித் திட்டத்தில் ஏறியதை நான் பார்த்ததே அரிது. இது என் நெடுநாள் ஆதங்கம்.

இனி தொடுதிரை. அதை நான் எதிர்ப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வட்டெழுத்து வரியைத் தொட்டால் இன்றைய எழுத்தில் படித்துக் காட்டும் திரை மிகவும் பயனுள்ளது. பழுதானால் யார் வந்து சரிசெய்வார், அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்பது எழுத்தில் இருந்தால் வாங்குங்கள். திரையை மட்டும் நம்பி இளைஞர்கள் வரமாட்டார்கள், ஏனென்றால் அதைவிட நல்ல திரை அவர்கள் கையிலேயே இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களும் வரும்படி வாரத்தில் சில நாள்களாவது மாலை எட்டு மணி வரை திறந்து வையுங்கள். அதற்கு முன், சந்தை கூடும் நாளில் போய், இதுவரை எந்த அருங்காட்சியகத்துக்கும் போகாதவர்களிடம் ஏன் போகவில்லை என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக் கட்டடக் கலைஞரின் கையில் கொடுங்கள்.