ஆற்றில் தண்ணீர் உண்டா என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: ஐரோப்பிய ஆற்றுக் கப்பல் பயணம்

டான்யூப் ஆற்றில் நானும் என் மனைவியும் போய்வந்ததைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்களிலிருந்து பலர் எழுதிய கடிதங்களில் ஐந்தை எடுத்துக்கொண்டு இங்கே விடையளிக்கிறேன்.

வரும் செப்டம்பரில் நானும் என் துணைவியாரும் டான்யூபில் ஏழு இரவுப் பயணம் போக எண்ணியிருக்கிறோம். ஆற்றில் தண்ணீர் இல்லை என்று பாதி வழியில் பயணிகளை இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள் என்று என் தம்பி மகன் பயமுறுத்துகிறான். அந்த ஆறுகளும் நம் பாலாற்றைப் போலத்தானா? – ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடியாத்தம்

ஐயா, உங்கள் தம்பி மகன் சொல்வது உண்மைதான். எனக்கே அது நேர்ந்தது. 2018 செப்டம்பர் இறுதியில் நூரெம்பெர்க்கில் ஏறிப் புடாபெஸ்டில் இறங்குவதாக எங்கள் பயணம். ஜெர்மனியில் ஸ்ட்ராபிங், வில்ஸ்ஹோஃபன் என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையே சுமார் 70 கிலோமீட்டர் தூரத்துக்கு டான்யூபில் அணை கிடையாது. தண்ணீரைத் தேக்கி மட்டத்தை உயர்த்த வழியில்லாததால், மழை பொய்த்த ஆண்டுகளில் கப்பல்கள் முதலில் மாட்டிக்கொள்வது அங்கேதான். மூன்றாம் நாள் காலைச் சிற்றுண்டியின்போது, பெட்டிகளைக் கட்டி அறை வாசலில் வைக்குமாறு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பேருந்தில் ஏறி, அந்த ஆழமற்ற பகுதியைச் சாலை வழியாகக் கடந்து, மறுபுறம் நின்றிருந்த அதே நிறுவனத்தின் இன்னொரு கப்பலுக்குள் நுழைந்தோம். அதே அறை எண், அதே திரைச்சீலை, உணவுக்கூடத்தில் அதே மூலை மேசை. அந்தக் கப்பலில் வந்தவர்களோ அதே நேரத்தில் எதிர்த்திசையில் எங்கள் பழைய கப்பலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். என் மனைவி முதல் கப்பலின் குளியலறைக் கொக்கியில் உலர்த்தியிருந்த ஈரிழைத் துண்டு மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

கப்பல் மாறியதில் எனக்கு வருத்தமில்லை. முந்தைய வாரமே இப்படித்தான் நடந்தது என்று பணியாளர் ஒருவர் பின்னர் வாய்தவறிச் சொன்னார். எங்களிடம் பணம் வாங்கிய முகவரோ ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. அதுதான் என் குறை.

பாலாற்றோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள். வேலூரைப் பற்றித் தண்ணீரில்லா ஆறு, மன்னரில்லாக் கோட்டை என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த நமக்கு, ஆல்ப்ஸ் பனியும் மழையும் ஊட்டி வளர்க்கும் ஆறு வற்றுவது நம்ப முடியாததாகத்தான் இருக்கும். அவை மணல்வெளியாக மாறுவதில்லை. கப்பலுக்குத் தேவையான ஆழம் மட்டும் இல்லாமல் போகிறது. ஜெர்மனியின் ரைன் ஆற்றில் கௌப் என்னும் ஊரிலுள்ள நீர்மட்ட அளவுகோலை மாலுமிகள் முக்கியமாகப் பார்க்கிறார்கள். அது 78 சென்டிமீட்டர் காட்டினால் கப்பல் தடத்தில் உண்மையான ஆழம் ஏறத்தாழ 1.90 மீட்டர் என்று பொருள். 2018 அக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. பயணிகள் கப்பல் ஒன்றரை மீட்டர் அளவுக்குத் தண்ணீரில் அமிழ்ந்து ஓடுவது என்பதால் மீதிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம். 2022 ஆகஸ்டிலும் ரைன் மிகவும் வற்றியது.

தண்ணீர் மிகுந்தாலும் தொல்லைதான், ஏனெனில் அப்போது கப்பலால் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. 2013 ஜூனில் பாசாவ் நகரில் டான்யூப் 12.89 மீட்டரைத் தொட்டது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு, ஆறு ஒரே ஆண்டில் இரண்டு முகமும் காட்டும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, விலையைக் கேட்பதற்கு முன் முகவரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: நீர்மட்டத்தால் பயணம் பேருந்துப் பயணமாக மாறினால் எத்தனை நாளுக்கு மேல் பணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், பயணத்தை நாமே கைவிட நேர்ந்தால் காப்பீடு அதை ஏற்குமா. வாய்மொழியாகச் சொல்வது போதாது, எழுத்தில் வாங்குங்கள். செப்டம்பரை மாற்ற முடியாதென்றால் நூரெம்பெர்க்கை விட்டுவிட்டுப் பாசாவிலோ வியன்னாவிலோ ஏறும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்த அணையில்லாத பகுதி உங்களுக்கு மேலே, பின்னால் நின்றுவிடும். கீழேயும் இடர் உண்டு, ஆனால் குறைவு. உங்கள் விருப்பத்துக்கு விட்டால் மே மாதக் கடைசியை நான் பரிந்துரைப்பேன்.

எங்கள் மகன் கீழ்த்தளத்து அறை மலிவாகக் கிடைக்கிறது என்று எடுக்கப் பார்க்கிறான். எடுக்கலாமா? – வாசகி, இராணிப்பேட்டை

தாராளமாக எடுக்கலாம், ஆனால் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு எடுங்கள். கீழ்த்தளத்து அறையில் தரை தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். திறக்க முடியாத குறுகிய சன்னல் கழுத்தளவு உயரத்தில் இருக்கும். படுக்கையில் உட்கார்ந்தபடி பார்த்தால் வானம் மட்டுமே தெரியும், எழுந்து நின்றால் நீந்திவரும் அன்னம் உங்கள் கண்மட்டத்தில் இருக்கும். என் மனைவிக்கு அது பிடித்திருந்தது. மேல்தளத்தில் 'பிரெஞ்சு பால்கனி' என்று சொல்லி அதிகப் பணம் கேட்பார்கள். அது பால்கனியே அன்று. தரை முதல் கூரை வரை ஒரு கண்ணாடிக் கதவும், அதைத் திறந்தால் குறுக்கே ஒரு கம்பியும்தான். காற்று வாங்கலாம், நாற்காலி போட இயலாது.

இன்னொன்றையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. துறையில் இடம் குறைவான ஊர்களில் இரண்டு மூன்று கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிடுவார்கள். கரைக்குப் போக வேண்டுமானால் பக்கத்துக் கப்பலின் வரவேற்பறை வழியாகத்தான் நடக்க வேண்டும். அப்போது அதிகப் பணம் கொடுத்து வாங்கிய கண்ணாடிக் கதவின் திரையை விலக்கினால், ஒரு கை தூரத்தில் இன்னொருவர் பல் துலக்கிக்கொண்டிருப்பார். பகல் முழுவதும் மொட்டைத்தளத்தில் உட்காரும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், அறைக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடிப்பதில் தவறே இல்லை. ஆஸ்திரியாவில் மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரையுள்ள வாஹாவ் பள்ளத்தாக்கை, திராட்சைப் படிக்கட்டு வயல்களும் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் 1192-இல் பிடிபட்டுச் சிறையிருந்த டூர்ன்ஸ்டைன் கோட்டை இடிபாடும் கடந்துபோக, அறைக்குள் இருந்தபடி யார் பார்ப்பார்கள்?

நாங்கள் சுத்த சைவம். ஏழு நாள் எப்படித் தாக்குப்பிடிப்பது? ஊரிலிருந்து என்னென்ன எடுத்துச் செல்லலாம்? – பட்டு நெசவாளர் குடும்பம், ஆரணி

பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக்கொடுங்கள். அதோடு மீனும் வேண்டாம், இறைச்சி வேகவைத்த நீரில் செய்த சூப்பும் வேண்டாம் என்று தனியாகக் குறிப்பிடுங்கள், ஏனெனில் காய்கறி சூப் என்று கொண்டுவருவதன் அடிப்படையே சில நேரம் எலும்புச் சாறாக இருக்கும். கப்பலேறிய முதல் மாலையே உணவுக்கூட மேலாளரைப் பார்த்து மீண்டும் சொல்லிவிட்டால், சிறிய கப்பல் என்பதால் நினைவில் வைத்துக்கொள்வார்கள். காலையில் ரொட்டி, பழம், இனிப்பில்லாத தயிர் எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். இரவில் பாஸ்தாவும் வதக்கிய காய்கறியும் மூன்றாம் நாளே சலித்துப்போகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. அங்கேதான் உங்கள் பருப்புப் பொடி கைகொடுக்கும்.

பொடி வகைகள், புளிக்காய்ச்சல், எண்ணெயில் போட்ட மாங்காய் ஊறுகாய் ஆகியவற்றால் எங்களுக்குத் தொல்லை வரவில்லை. நெய்யை மட்டும் எடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவருவதற்குத் தடை இருக்கிறது. பால்கோவாவுக்கும் அதே கதிதான். அங்குள்ள உறவினருக்கு ஆற்காடு மக்கன் பேடா வாங்கிப்போகும் ஆசையையும் விட்டுவிடுங்கள், கோவாவில் செய்ததைச் சுங்கத்தில் பிடுங்கிப் போடும்போது மனம் பதறும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. அறையில் மின்சார அடுப்போ குக்கரோ வைத்துச் சமைக்கத் தீ அச்சத்தால் அனுமதிப்பதில்லை.

மூன்று நாடுகளைக் கடக்கும் கப்பலுக்கு எந்த நாட்டு விசா எடுப்பது? – வாசகர், வாணியம்பாடி

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஒரே ஷெங்கன் விசா போதும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமமானால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பல் நிறுவனத்திடம் நாள்வாரியான பயண அட்டவணையைக் கேட்டு வாங்கி, இரவுகளை எண்ணுங்கள். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பதினைந்து நாள்களுக்குக் குறையக்கூடாது. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். செர்பியாவைத் தொடும் பயணமாக இருந்தால், அந்நாடு ஷெங்கனில் இல்லை என்பதால், ஒருமுறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேளுங்கள்.

கப்பல் மலையேறும் என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப் பிழையா? – பொறியியல் மாணவர், காட்பாடி

பிழையில்லை தம்பி. மைன் ஆற்றையும் டான்யூபையும் இணைக்கும் கால்வாய் 171 கிலோமீட்டர் நீளமுடையது, 1992-இல் திறக்கப்பட்டது. இந்த இணைப்புக்கு 793-ஆம் ஆண்டிலேயே சார்லமேன் பேரரசர் மண் தோண்டிப் பார்த்துக் கைவிட்டார். கால்வாயின் உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 406 மீட்டர். வேலூர் நகரம் நிற்கும் உயரத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அங்கே ஏறி இறங்க 16 கப்பல் மதகுகள் உள்ளன. காவேரிப்பாக்கம் ஏரியின் மதகு தண்ணீரை வயலுக்கு விடுகிறது; இந்த மதகு தண்ணீரை ஒரு நீண்ட தொட்டிக்குள் விட்டு, உள்ளே நிற்கும் கப்பலை மேலே தூக்குகிறது. பம்பு எதுவும் வேண்டியதில்லை, மேல்மட்டத்துத் தண்ணீர் தானாகப் பாய்கிறது. சில மதகுகளில் ஒரே தூக்கில் 24.67 மீட்டர் ஏறும். பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு முறையும் செலவாகும் தண்ணீரில் பாதிக்கு மேல் பக்கவாட்டுத் தொட்டிகளில் சேமித்து மறுமுறை பயன்படுத்துகிறார்கள்.

மதகின் அகலம் 12 மீட்டர், கப்பலின் அகலம் 11.4 மீட்டர், பக்கத்துக்கு ஒரு சாண் அளவுதான் இடைவெளி. முதல் இரவு இரண்டு மணிக்கு ஏதோ இடித்த அதிர்ச்சியில் விழித்துச் சன்னல் திரையை விலக்கினேன். கண்ணாடிக்கு எதிரே ஈரக் கான்கிரீட் சுவர், பாசி படர்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியது சுவரன்று, ஏறியது நாங்கள் என்று மனம் ஏற்கச் சற்று நேரமானது. நடைவழிக்கு வந்து நின்றபோது, எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றைத் தூர்வாரிய நாளின் அதே வாசனை. கால் மணி நேரம் கழித்துச் சுவர் சட்டென்று முடிந்து, விளக்கொளியில் ஒரு புல்வெளியும் அதில் சாய்த்து வைத்த யாரோ ஒருவரின் மிதிவண்டியும் தெரிந்தன. மனைவியை எழுப்பினேன், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.