பேட்டரி இறங்கிய காருக்கு ஜம்ப் ஸ்டார்ட்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்களிடம் ஐந்து ஆண்டுப் பழைய சிறிய பெட்ரோல் கார் இருக்கிறது; மாதத்தில் இரண்டு முறை வெளியே எடுத்தால் அதிகம். அண்மையில் விடியற்காலையில் புறப்பட்டுக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குச் சென்றபோது, போட்டிருந்த முகப்பு விளக்கை அணைக்க மறந்துவிட்டேன். திரும்பும் வேளையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்பதால் தள்ளிப் பார்க்கவும் வழியில்லை. கைப்பேசியில் சிக்னலும் இல்லை. இன்னொரு வண்டிக்காரர் கேபிள் கொடுத்து உதவும் வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பேட்டரி இறங்கிய வண்டியைக் கிளப்ப உதவும் ஜம்ப் ஸ்டார்ட்டர் என்ற கையடக்கக் கருவி ஒன்றை வாங்கி வண்டியில் போட்டுவிடச் சொல்கிறான் மகன். இணையத்தில் பார்த்தால் '2000 ஆம்பியர்' என்று எழுதியது ரூ.2,500-க்கும், '800 ஆம்பியர்' என்று எழுதியது ரூ.5,500-க்கும் கிடைக்கின்றன. கூடுதல் ஆம்பியர் எப்படிக் குறைந்த விலைக்கு வருகிறது? எதை வாங்குவது?

பதில்: தங்கள் ஐயம் மிகச் சரியானது. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் 'பீக் ஆம்பியர்', அதாவது ஒரு நொடியின் சிறு பங்கு நேரத்துக்கு மட்டும் கருவி தரக்கூடும் என்று தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவாகும். 2000 ஆம்பியரை 12 வோல்ட்டால் பெருக்கினால் 24,000 வாட் வருகிறது. தங்களுடையதைப் போன்ற சிறிய பெட்ரோல் காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரோ ஏறத்தாழ 1,000 வாட் திறனுடையது. ஒரு கையில் அடங்கும் பெட்டி, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத இரண்டு வயர்களின் வழியே அவ்வளவு திறனைத் தரும் என்பதை நம்பிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. 'ஸ்டார்ட்டிங் கரண்ட்' அல்லது 'கிராங்கிங் ஆம்பியர்' என்று தனியாகக் குறித்திருக்கும் அளவைத் தேடிப் பாருங்கள். அதைக் குறிப்பிடாத கருவியை நான் வாங்க மாட்டேன். சிறிய பெட்ரோல் இன்ஜினைச் சுழற்ற 100 முதல் 200 ஆம்பியர் சில நொடிகளுக்குக் கிடைத்தால் போதும் என்பதால், உண்மையாகவே 300 ஆம்பியர் தருகிற கருவி தங்களுக்குத் தாராளம்.

பெட்டியில் பெரிதாகத் தெரியும் அடுத்த எண் மில்லி ஆம்பியர் மணி, அதாவது கருவிக்குள் சேரும் மின்சாரத்தின் அளவு. '12,000' என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 3.7 வோல்ட் கொண்ட ஒற்றைச் செல்லின் கணக்கு. வாட் மணியில் சொன்னால் 44.4, காரின் 12 வோல்ட்டில் சொன்னால் 3,700 மில்லி ஆம்பியர் மணி மட்டுமே. ஆகவே இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது வாட் மணியை வைத்தே ஒப்பிட வேண்டும். ஆனால் இந்த எண்ணிலும் மயங்க வேண்டாம். மூன்று நொடி செல்ஃப் அடிப்பதற்கு ஒன்றிரண்டு வாட் மணிதான் செலவாகும். கருவிக்குள் எவ்வளவு மின்சாரம் சேர்ந்திருக்கிறது என்பதைவிட, அதை ஒரே மூச்சில் எவ்வளவு வேகமாக வெளியே விட முடிகிறது என்பதே வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பதை முடிவு செய்கிறது.

நம் ஊருக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி வெயில். நான் முதன்முதலில் வாங்கிய ஜம்ப் ஸ்டார்ட்டரை டிக்கியிலேயே போட்டு வைத்திருந்தேன். இரண்டாம் கோடையின் முடிவில் எடுத்துப் பார்த்தபோது அதன் பக்கவாட்டு இணைப்பு விரிந்து, நடுப்பகுதி உப்பியிருந்தது. மேசையில் வைத்தால் படிந்து நிற்காமல் தொட்டில் போல ஆடியது. உள்ளே இருந்த லித்தியம் பாலிமர் செல்கள் வெப்பத்தில் சிதைந்து வாயுவை வெளியிட்டதே அதற்குக் காரணம். அந்த நிலையில் அதைக் காரில் மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணி இன்றும் அஞ்சுகிறேன். கத்திரி வெயிலில் வெளியே 38, 40 டிகிரி இருக்கும்போது, நிழலில்லாத இடத்தில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரின் உள்ளே டேஷ்போர்டின் மேல் 70 டிகிரியைத் தொடும். இவ்வகைச் செல்கள் நெடுநாள் தாங்கக்கூடிய வெப்பம் அதைவிட மிகவும் குறைவு.

ஆகவே வாங்கும்போது உள்ளே இருப்பது எவ்வகைச் செல் என்று கேட்டறிய வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் சற்றுப் பருமனாகவும் விலை கூடுதலாகவும் இருந்தாலும், வெப்பத்தைத் தாங்குவதிலும் எளிதில் தீப்பற்றாமல் இருப்பதிலும் மற்ற லித்தியம் செல்களைவிட மேலானவை. வண்டியிலேயே ஆண்டு முழுவதும் கிடக்க வேண்டும் என்றால் இன்னொரு வகையும் இருக்கிறது: சூப்பர் கெப்பாசிட்டர் கொண்ட கருவி. இதில் மின்சாரத்தை முன்கூட்டியே சேமித்து வைப்பதில்லை. இறங்கிப்போன பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைச் சில நிமிடங்களில் உறிஞ்சிச் சேர்த்து, ஒரே வீச்சில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கொடுக்கிறது. விளக்கு மங்கலாகவாவது எரியும் பேட்டரிக்கு இது நன்றாக உதவும். அடியோடு வற்றிய பேட்டரியாக இருந்தால், பவர் பேங்க் போன்ற வேறொன்றிலிருந்து முதலில் இதற்கு மின்சாரம் ஏற்ற வேண்டியிருக்கும். தாங்கள் சாதாரண லித்தியம் கருவியையே வாங்கினால், அதை வீட்டில் நிழலான இடத்தில் வைத்து, பயணத்துக்கு மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள். சார்ஜ் ஏற்றும் வாய் டைப்-சி ஆக இருந்தால் கைப்பேசி சார்ஜரே போதும் என்பதால், தனி அடாப்டரைத் தொலைத்துவிட்டுத் தேடும் தொல்லை இல்லை.

கருவியைப் போலவே அதன் கிளிப்பையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். தரமான கருவிகளில் வயரின் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு சிறு பெட்டி இருக்கும். கிளிப்பை மாற்றிக் கொடுத்தாலோ, இரண்டு கிளிப்பும் ஒன்றோடொன்று உரசினாலோ மின்சாரத்தைத் தடுப்பது அதுதான். வெறும் வயரும் கிளிப்பும் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள். அடியோடு வற்றிய பேட்டரியைக் கருவியால் அடையாளம் காண முடியாதபோது அழுத்துவதற்கு 'பூஸ்ட்' என்ற பட்டன் ஒன்று இருக்கும். அதை அழுத்தியதும் பல கருவிகளில் இந்தப் பாதுகாப்பு விலகிவிடும் என்பதால், சிவப்பு கிளிப் பேட்டரியின் கூட்டல் குறியில்தான் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்த பிறகே அழுத்த வேண்டும். லித்தியம் செல்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம், ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தப் பதிவெண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி, தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து மணிக்கு ஒன்பது, பத்து ஆம்பியர் மணி இழுக்கும். 35 ஆம்பியர் மணிப் புதுப் பேட்டரியே மூன்று மணி நேரத்தில் தளர்ந்துவிடும் எனும்போது, தங்களுடையது ஏற்கெனவே அரைகுறையாகத்தான் இருந்திருக்கும். நிறுத்திய காரிலும் கடிகாரம், அலாரம், இன்ஜினின் கணினி ஆகியவை 30 மில்லி ஆம்பியர் அளவில் இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நாள் ஒன்றுக்கு 0.72 ஆம்பியர் மணி என்று வைத்தால், மூன்று வாரத்தில் 15 ஆம்பியர் மணி போய்விடுகிறது. அது பேட்டரியின் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதி. எனவே கருவியை வாங்குவதற்கு முன் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள். இரவு முழுவதும் நிறுத்திய காரில் காலையில் அளந்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையே காட்டினால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் குறையில்லை. வண்டியோடு வந்த பேட்டரியே இன்னும் இருக்கிறதென்றால், நம் வெப்பத்தில் ஐந்து ஆண்டு என்பது அதற்கு முழு ஆயுள்; அதை மாற்றுவதே முதல் செலவாக இருக்கட்டும். வண்டி நிறுத்தும் இடத்தில் பிளக் பாயின்ட் இருந்தால், தானே நின்றுவிடும் வகையிலான பேட்டரி சார்ஜர் ஒன்றை வாங்கி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரவில் மாட்டிவிடுங்கள். ஜம்ப் ஸ்டார்ட்டர் வண்டியைக் கிளப்பும், பேட்டரியை நிரப்பாது. இவ்வளவுக்குப் பிறகும், மலைப்பக்கம் போய்வரும் தங்களுக்கு அந்தக் கருவி வேண்டும் என்றே சொல்வேன். விலை ரூ.5,500 உள்ளதில் கிராங்கிங் அளவும் கிளிப்பும் நான் சொன்னபடி இருந்தால் அதையே வாங்குங்கள்.

மாட்டும்போது விளக்கு, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் சிவப்பு கிளிப்பைக் கூட்டல் முனையிலும், பிறகு கறுப்பு கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி, வண்ணம் பூசாத இன்ஜின் உலோகத்திலும் கொடுங்கள். கையேடு வேறு முறையைச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரக்கூடும் என்பதால் அதன் மேல் முகத்தை வைத்துக் குனிய வேண்டாம். ஐந்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், எடுக்காவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். எடுத்ததும் கிளிப்புகளைக் கழற்றிவிட்டு, வழியில் அணைக்காமல் ஊர் வந்து சேருங்கள்.

கேள்வி: உவரியில் மீன் ஏற்றும் டீசல் லோடு வண்டி வைத்திருக்கிறேன். ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. சில நாள் எடுக்கிறது, சில நாள் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிடுகிறது. இன்னும் பெரிய கருவி வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் பேட்டரியின் முனைகளைப் பாருங்கள். கடற்கரை வண்டிகளில் முனையைச் சுற்றி வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ பூத்திருக்கும் பொடி, மின்சாரம் போகும் வழியை அடைத்துவிடுகிறது. அதன் மேல் கிளிப்பைக் கவ்வவிட்டால் எவ்வளவு பெரிய கருவியும் தோற்கும். கழித்தல் முனையை முதலில் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த நீரால் பழைய பல் துலக்கியைக் கொண்டு தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்ந்ததும் மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கழித்தல் முனையைக் கடைசியாக மாட்ட வேண்டும். இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள எர்த் பட்டையையும் அவிழ்த்துப் பார்ப்பது நல்லது, உப்புக் காற்றில் முதலில் அரிக்கப்படும் இடங்களில் அதுவும் ஒன்று. இதன் பிறகும் விளக்கு பளிச்சென்று எரிய, ஒற்றைச் சத்தத்தோடு நின்றால் கோளாறு பேட்டரியில் அன்று, ஸ்டார்ட்டர் மோட்டாரிலோ, அதற்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சாலினாய்டு என்ற காந்த சுவிட்சிலோ இருக்கலாம். 'டக் டக் டக்' என்று விடாமல் அடித்தால்தான் மின்சாரம் போதவில்லை என்று பொருள். டீசல் இன்ஜினின் அழுத்தம் மிகுதி என்பதால் பெட்ரோல் வண்டியைப்போல் இரண்டு மடங்கு ஆம்பியர் வேண்டும். கையேட்டில் டீசலுக்கு எத்தனை லிட்டர் இன்ஜின் வரை என்று தனியாகக் குறித்திருப்பதைப் பாருங்கள். பெரிய லாரிகளில் உள்ள 24 வோல்ட் அமைப்பில் மட்டும் இந்த 12 வோல்ட் கருவியை ஒருபோதும் மாட்டக் கூடாது.

கேள்வி: இணையத்தில் வாங்கிய ஜம்ப் ஸ்டார்ட்டர் இருபது நாளில் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது, லேசாக உப்பியும் இருக்கிறது. திருப்பி அனுப்பும் பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்கிறார்கள். வள்ளியூரில் இருக்கும் நான் எங்கே போய் முறையிடுவது?

பதில்: பத்து நாள் கெடு என்பது அவர்கள் வைத்துக்கொண்ட விதி. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின் வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. முதலில் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகப் பதிலும், ஒரு மாதத்துக்குள் தீர்வும் அவர் தர வேண்டும். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் பயனில்லை என்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் தாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். பொருளின் விலை ரூ.5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணமும் இல்லை. கால வரம்பு இரண்டு ஆண்டுகள்.

பில்லையும், பெட்டியின் நான்கு பக்கப் படங்களையும் பத்திரமாக வையுங்கள். தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் முகவரி, தயாரித்த மாதமும் ஆண்டும், எந்த நாட்டுப் பொருள் என்பது ஆகியவை பெட்டியில் இல்லாவிட்டால் அதையும் புகாரில் சேருங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றே படம் பிடித்துவிடுங்கள், அது நாளை மாறிவிடலாம். உப்பிய கருவியைச் சார்ஜில் போட்டுச் சோதிக்கவோ, சாதாரணப் பார்சலில் அனுப்பவோ வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் அருகில் இல்லாத நிழலில், மணல் நிரப்பிய வாளியில் வையுங்கள். புகார் முடிந்ததும் குப்பை வண்டியில் போட்டுவிடாதீர்கள். நசுங்கினால் தீப்பற்றும் பொருள் அது, அதைக் கையால் தூக்குபவர் ஒரு தூய்மைப் பணியாளர். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீதும் இறக்குமதியாளர்மீதும் வைத்திருக்கின்றன. தங்கள் புகாரிலேயே அதைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்லும்படி ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.